மூவாயிரத்து நூற்று நாற்பது பக்கங்கள்

மார்ச் 3, திங்கள்

நகராட்சி ஆபீஸ் வாசல் பலகையில் அறிவிப்பை ஒட்டியது நான்தான். நாலு மூலைக்கும் நாலு குண்டூசி. புறவழிச் சாலை அகலமாகிறது, பழைய இடுகாடு முழுக்கப் போகிறது. ஜூன் முப்பதுக்குள் சொந்தக்காரர்கள் வந்து எழுதிக் கொடுத்தால் எலும்புகளைக் கல்லறைக் கல்லோடு ஆற்றுக்கு அப்பால் புது இடத்துக்கு மாற்றித் தருவார்கள். யாரும் வராத கல்லறைகளுக்கெல்லாம் சேர்த்து ஒரே பொதுக் குழி.

மொத்தம் மூவாயிரத்து நூற்று நாற்பது. கடைசியாக அங்கே ஒருவரைப் புதைத்து இருபத்தாறு வருஷம் ஆகிறது.

திரும்பி வந்தால் கண்காணிப்பாளர் கேட்கிறார்: "நேரா ஒட்டினீங்களா?"

நேராகத்தான் ஒட்டினேன். யார் படிக்கப் போகிறார்கள் என்றுதான் தெரியவில்லை. அந்த வாசலில் நுழைகிறவர்கள் தண்ணீர் இணைப்புக்கும் பிறப்புச் சான்றிதழுக்கும் வருகிறவர்கள். செத்தவர்களின் பிள்ளைகள் எந்தெந்த ஊரில் இருக்கிறார்களோ.

மார்ச் 5, புதன்

இடுகாட்டுப் பதிவேடு ஆறு தொகுதியையும் கம்ப்யூட்டரில் ஏற்றியவள் நான். இரண்டு வருஷ வேலை. அதை வைத்து ஒரு நிறுவனம் நகராட்சிக்கு இணையதளம் செய்து கொடுத்து மூன்று வருஷம் ஆகிறது. ஒரு கல்லறைக்கு ஒரு பக்கம். வெளியூரில் இருக்கிற மகனோ பேத்தியோ பெயரைத் தட்டினால் வந்து நிற்க வேண்டும் என்றுதான் அதைச் செய்ததே.

இன்று சந்தேகம் வந்து நானே ஒரு பெயரைத் தேடுபொறியில் தட்டினேன். ஒன்றும் இல்லை. இன்னொரு பெயர். அதுவும் இல்லை. வரிசையாக முப்பது பெயர் தட்டினேன். நம் பக்கம் ஒன்றுகூட வரவில்லை.

அப்படியானால் இத்தனை நாளும் அது யாருக்காக இருந்தது?

மார்ச் 7, வெள்ளி

ஆபீஸில் பிரிண்டர் பழுது பார்க்க வருகிறவருக்குக் கம்ப்யூட்டரில் எல்லாம் அத்துப்படி. அவரை உட்கார வைத்துத் தேநீர் கொடுத்துப் பார்க்கச் சொன்னேன். ஐந்து நிமிஷத்தில் சிரிக்க ஆரம்பித்துவிட்டார்.

"மேடம், வீட்டைக் கட்டிட்டு வாசல்ல பூட்டைப் போட்டுட்டுப் போயிருக்காங்க."

தேடுபொறியிலிருந்து வந்து பக்கங்களைப் படிக்கும் நிரலுக்கு 'உள்ளே வராதே' என்று ஒரு வரி எழுதியிருக்கிறது. தளம் முடியும்வரை யாரும் பார்க்க வேண்டாம் என்று எழுதிய வரி. முடிந்ததும் எடுக்க மறந்துவிட்டார்கள். மூன்று வருஷம்! ஒரே ஒரு வரி!

எடுத்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மார்ச் 10, திங்கள்

பூட்டைத் திறந்தால் மட்டும் போதாதாம். இன்னின்ன பக்கங்கள் இருக்கின்றன, வந்து பார் என்று தேடுபொறிக்கு நாம் சொல்லியனுப்ப வேண்டும். அது வந்து படித்து, பிடித்தால் தன் பட்டியலில் சேர்க்கும். பட்டியலில் சேர்ந்தால்தான் தேடுகிறவர் கண்ணில் படும்.

ஒவ்வொரு பக்கத்தின் முகவரியாக எடுத்து, ஒட்டி, 'சேர்க்கக் கோரு' என்பதை அழுத்த வேண்டும். மதியம் உட்கார்ந்தேன். பத்துப் பக்கம் போனது. பதினொன்றாவதில் 'இன்றைய வரம்பு முடிந்தது, நாளை முயலவும்' என்று வந்தது.

நாளுக்குப் பத்து என்றால் முந்நூற்றுப் பதினாலு நாள். என்னிடம் இருப்பது நூற்றுப் பன்னிரண்டு.

மார்ச் 11

இன்றும் பத்து.

மார்ச் 14, வெள்ளி

மொத்தமாக அனுப்பவும் ஒரு வழி இருக்கிறது. எல்லாப் பக்கங்களின் முகவரியையும் ஒரே ஃபைலில் வரிசையாக எழுதி அந்த ஒரு ஃபைலை மட்டும் கொடுத்தால் போதுமாம். பிரிண்டர்காரர்தான் சொல்லிக் கொடுத்தார். "சீட்டு சீட்டா நீட்டாம முழுப் பட்டியலையும் கையில கொடுக்கிறோம், அவ்வளவுதான்."

செய்தேன். எண்ணினால் மூவாயிரத்து நூற்று முப்பத்தொன்பது. ஒன்று குறைகிறது. சாப்பாட்டு நேரம் முழுக்க அந்த ஒன்றைத் தேடினேன். ஆயிரத்து எண்ணூற்று அறுபத்தாறாம் எண். முகவரி நடுவில் ஓர் இடைவெளி விழுந்து அறுந்து போயிருந்தது. ஒன்றுதானே போகட்டும் என்று விட்டிருக்கலாம்தான். அந்த ஒருவரிடம் யார் போய்ச் சொல்வது?

சரிசெய்து அனுப்பினேன். பச்சை எழுத்தில் 'வெற்றி' என்று வந்தது. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் கால் தரையில் பாவவில்லை.

மார்ச் 21, வெள்ளி

வெற்றியாம் வெற்றி. தேடுபொறி இன்று காட்டிய கணக்கு:

'கண்டறியப்பட்டது — சேர்க்கப்படவில்லை': 3,123.
'சேர்க்கப்பட்டது': 17.

வீட்டில் சொன்னேன். என் நாத்தனார் — இவருடைய அக்கா, நானும் அக்கா என்றுதான் கூப்பிடுவேன் — தொலைபேசி நிலையத்தில் முப்பது வருஷம் இருந்து ஓய்வு பெற்றவர். காய் நறுக்கிக்கொண்டே சொன்னார்: "வீடு வாடகைக்குப் பார்க்க வர்றவங்க எல்லா ரூமையும் சுத்திப் பார்த்துட்டு, 'சொல்லி அனுப்பறோம்'னு போவாங்களே, அந்த மாதிரியா?"

அந்த மாதிரியேதான்.

மார்ச் 27, வியாழன்

கண்காணிப்பாளர் ஓர் ஆளைக் கூட்டிவந்தார். இணையப் பக்கங்களை மொத்தமாகப் பதிவு செய்து கொடுப்பது அவர் தொழிலாம். பளபளவென்று சட்டை, கையில் இரண்டு போன்.

"ஒரே அழுத்து மேடம். பத்தாயிரம் பக்கம் போயிடும்."

"எங்க போகும்?"

"எல்லாத் தேடுபொறிக்கும்."

"போனா சேர்த்துக்குவாங்களா?"

"அனுப்பறதுதான் மேடம் நம்ம சர்வீஸ். சேர்க்கிறதும் சேர்க்காததும் அவங்க விருப்பம்."

"அதைத்தானே நானும் ரெண்டு வாரமா செஞ்சிட்டு இருக்கேன்?"

"நீங்க மெதுவா செஞ்சீங்க."

பிரிண்டர்காரர் இருமுவதுபோல் வெளியே போய்விட்டார். இன்று முதல் அந்த ஆளுக்கு எங்களிடையே 'பத்தாயிரம்' என்று பெயர். என்ன செய்ய, கண்காணிப்பாளர் கையெழுத்துப் போட்டுவிட்டார். மூவாயிரத்து நூற்று நாற்பதும் ஒரே மதியத்தில் மறுபடி போயின.

ஏப்ரல் 4, வெள்ளி

பதினேழு இப்போது பன்னிரண்டு. இருந்ததிலும் ஐந்தைத் தள்ளிவிட்டது.

கவுன்டரில் இதுவரை எழுதிக் கொடுத்தவர்கள் நாற்பத்தொரு பேர். எல்லாம் உள்ளூர்க்காரர்கள்.

ஏப்ரல் 5, சனி

லீவு நாள். ஆனாலும் ஆபீஸ் திறந்து உட்கார்ந்தேன். தள்ளிவிட்ட பக்கங்களில் பத்தைத் திறந்து பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். பெயர், வயது, தேதி, பிரிவு, எண். அடுத்தது — பெயர், வயது, தேதி, பிரிவு, எண். தேடுபொறியை மட்டும் குற்றம் சொல்லி என்ன பயன்? ஐந்தாவது பக்கத்திலேயே எனக்குக் கொட்டாவி வந்துவிட்டது. ஒரே பக்கத்தை மூவாயிரம் தடவை எழுதி வைத்திருக்கிறேன்.

பிறகு சேர்த்துக்கொண்ட பன்னிரண்டையும் திறந்தேன். அவற்றில் மட்டும் என்ன அதிகம்?

பதிவேட்டில் 'குறிப்பு' என்று ஒரு கட்டம் உண்டு. முக்கால்வாசி வெறுமையாக இருக்கும். இந்தப் பன்னிரண்டில் மட்டும் பழைய குமாஸ்தா யாரோ நீளமாக எழுதியிருக்கிறார். 'ரயில் நிலையக் கடிகாரம் பழுது பார்ப்பவர், மணிக்கூண்டிலிருந்து விழுந்து.' 'இரட்டையரில் மூத்தவள்; இளையவள் இதே வரிசையில் எண் 402.' 'உறவினர் எவரும் வரவில்லை. மருத்துவமனைச் சமையல்காரர்கள் எட்டுப் பேர் தூக்கி வந்தனர்.'

படித்துக்கொண்டே இருந்தேன். என்னாலேயே நிறுத்த முடியவில்லை.

எத்தனை தடவை அனுப்பினாலும் பயனில்லை. அனுப்புகிற பக்கத்தில் ஏதாவது இருக்க வேண்டும். பதிவேட்டில் இல்லையென்றால் என்ன, கல்லில் இருக்குமே!

ஏப்ரல் 6, ஞாயிறு

இடுகாட்டுக்குப் போனேன். அங்கே குழி வெட்டிக்கொண்டிருந்தவர் இப்போது காவலாளி. எல்லோரும் அவரைத் தோட்டக்காரர் என்றே சொல்கிறார்கள், அவருக்கும் அதுதான் பிடிக்கும். தேய்க்கிற பிரஷும் வாளியும் கேட்டேன்.

"கல்லைக் கழுவவா? எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும்."

என்னை ஒரு மாதிரி பார்த்தார். பிறகு வாளியை அவரே நிரப்பிக் கொண்டுவந்து வைத்தார். "முதல்ல தண்ணியை ஊத்தி விட்டுடுங்க. பாசி ஊறட்டும். அவசரப்பட்டுச் சுரண்டினா எழுத்தும் சேர்ந்து வந்துடும்."

பெயருக்குக் கீழே இத்தனை எழுதியிருக்கும் என்று நினைக்கவே இல்லை. 'கடன் கேட்டு யார் வாசலிலும் நிற்காதவர்.' 'இவள் சிரித்தால் தெருமுனைக்குக் கேட்கும்.' ஒன்றில் எழுத்தே இல்லை, ஒரு மீனும் தூண்டிலும் மட்டும் செதுக்கியிருந்தது.

ஒரு கல்லுக்குப் பதினோரு நிமிஷம் ஆகிறது. சாயங்காலம்வரை முப்பத்திரண்டு முடிந்தது. முதுகு விட்டுப் போச்சு.

ஏப்ரல் 8, செவ்வாய்

கண்காணிப்பாளரிடம் ஆபீஸ் நேரத்தில் போக அனுமதி கேட்டேன்.

"கவுன்டர்ல யார் உட்கார்றது? நானா?"

"அப்போ லீவு கொடுங்க சார். நாற்பத்தொரு நாள் சேர்த்து வெச்சிருக்கேன்."

"நாற்பத்தொரு நாளுமா? மக கல்யாணம் காட்சின்னு வந்தா என்ன பண்ணுவீங்க?"

"எனக்கு மகளே இல்ல சார்."

கையெழுத்துப் போட்டார். போட்டுவிட்டு, "செத்தவங்களுக்காக லீவு எடுக்கிற முதல் ஆள் நீங்கதான்," என்றார். "அவங்களுக்காக இல்ல சார், அவங்களைத் தேடறவங்களுக்காக," என்று வாய்வரை வந்தது. சொல்லவில்லை. கையெழுத்துக் காய்வதற்குள் எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

ஏப்ரல் 12, சனி

அக்கா குடையும் மடக்கு நாற்காலியுமாகக் கிளம்பி நிற்கிறார்.

"வெயில்ல நீங்க எதுக்குக்கா?"

"முப்பது வருஷம் நம்பர் சொல்லிச் சொல்லியே சம்பளம் வாங்கினவ நான். நீ கழுவு, தட்டச்சுப் பண்ணு. நான் படிக்கிறேன்."

என்ன குரல் அது! ஒவ்வோர் எழுத்தும் மணி மணியாக விழுகிறது. "இரண்டாம் பிரிவு. எண் ஏழு எட்டு மூன்று. எழுதிக்கொள்ளவும்." ஒரு கல்லுக்கு ஆறு நிமிஷமாகக் குறைந்தது. போட்டோவும் எடுத்துவிடுகிறேன். தோட்டக்காரர் அடுத்த வரிசையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே முன்னால் போகிறார்.

இன்று ஐம்பத்தெட்டு.

ஏப்ரல் 24, வியாழன்

எழுதிய பக்கங்களை நாளுக்கு நாற்பது, ஐம்பது என்று சின்னச் சின்னப் பட்டியலாகப் பிரித்து அனுப்பி வருகிறேன். எதை எடுத்தது, எதைத் தள்ளியது என்று கண்ணுக்குத் தெரிய வேண்டும்.

முதல் நாற்பதில் முப்பத்தொன்று சேர்ந்திருக்கிறது!

முப்பத்தொன்று!!

அக்காவிடம் போனை நீட்டினேன். கண்ணாடியை ஏற்றிப் பார்த்துவிட்டு, "மீதி ஒன்பதுக்கு என்ன குறைச்சலாம்?" என்றார். அவருக்கு எதிலும் முழு மார்க் வேண்டும். அந்த ஒன்பதையும் போய்ப் பார்த்தேன். அவசரத்தில் ஒரே ஒரு வரி எழுதி விட்டவை. மறுபடி எழுதி அனுப்பினேன்.

மே 2, வெள்ளி

ஐந்தாம் பிரிவு தொடங்கினோம். அங்கே பின்பக்கச் சுவரை ஒட்டி உள்ளங்கையகலக் கற்கள் வரிசையாக இருக்கின்றன. எல்லாம் குழந்தைகள். பெயர் கிடையாது, அந்த வரிசைக்கென்று தனி எண் மட்டும்.

அக்கா காலையிலிருந்தே பேசவில்லை. வெயில் என்று நினைத்தேன். நூற்றுப் பதினெட்டு வந்ததும் படிக்காமல் நின்றுவிட்டார்.

"அக்கா, நம்பர்?"

"தெரியும்."

"சொல்லுங்க."

"இது என் பையன்."

பதினோரு வருஷமாக ஒரே வீட்டில் இருக்கிறேன், ஒரே பாத்திரத்தில் சமைக்கிறேன். இது எனக்குத் தெரியாது. அக்காவுக்குக் கல்யாணமாகி மூன்று வருஷத்தில் எல்லாம் முடிந்து இங்கே வந்துவிட்டார் என்று மட்டும் தெரியும். குழந்தை என்று ஒரு வார்த்தை யாரும் சொன்னதில்லை.

நாற்காலியைப் போட்டேன். உட்காரவில்லை. தரையிலேயே உட்கார்ந்து, முந்தானையால் கல்லைத் துடைத்தார். பாசி இல்லை அதில். சுத்தமாகத்தான் இருந்தது.

தோட்டக்காரர் தூரத்தில் தண்ணீர் ஊற்றுவதை நிறுத்திவிட்டு நின்றார். மெதுவாக என்னிடம் வந்து சொன்னார்: "மாசத்துல ஒரு தடவை வருவாங்கம்மா. நான் யார்கிட்டயும் சொன்னதில்ல."

மே 3, சனி

இவரிடம் சண்டை. ஓட்டுநர் வேலையில் காலை முறையை முடித்து, பஸ்ஸைப் பணிமனையில் விட்டுவிட்டு அப்போதுதான் வந்து சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"உங்களுக்குத் தெரியுமா தெரியாதா?"

"தெரியும்."

"தெரிஞ்சுமா என்கிட்ட சொல்லல? நான் யாரு இந்த வீட்டுல? வாடகைக்கு வந்தவளா?"

"அக்கா சொல்ல வேண்டாம்னா. குழந்தை இல்லாத உன்கிட்ட அதைச் சொன்னா உனக்குத்தான் கஷ்டம்னா."

எனக்காகவா? இத்தனை வருஷமும் எனக்காகவா அந்தம்மா வாயைக் கட்டிட்டு இருந்தாங்க? நான் என்னமோ அவங்க வாய்தான் நீளம்னு... சே.

சாயங்காலம் அக்கா பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அந்தப் பக்கத்தை எழுதணும்கா, என்ன எழுத என்று கேட்டேன். ரொம்ப நேரம் அவரைக்காயை நார் உரித்துக்கொண்டே இருந்தார்.

"பத்தொன்பது நாள் இருந்தான்னு போடு."

போட்டேன்.

"வெளிச்சத்தைப் பார்த்தா தும்முவான்னு போடு. ஒண்ணு தும்ம மாட்டான். மூணு."

போட்டேன்.

"போதும். அனுப்பு."

மே 9, வெள்ளி

ஆபீஸுக்கு ஒரு போன் வந்ததாம். லீவில் இருக்கிறாள் என்று சொல்லி என் எண்ணைக் கொடுத்திருக்கிறார்கள். மதியம் இடுகாட்டிலேயே எடுத்தேன். கடல் கடந்து பேசுகிறார் ஓர் ஆள். நடு வயசுக் குரல்.

"இரண்டாம் பிரிவு, எழுநூற்றுத் தொண்ணூறு. அந்தப் பக்கத்தை எழுதினது யாருங்க?"

"நான்தான். சொல்லுங்க."

"கல்லுல கத்தரிக்கோல் செதுக்கியிருக்குன்னு எழுதியிருக்கீங்க. வலது கைப்பிடி உடைஞ்சிருக்குன்னு. அது நிஜமாவா?"

எழுந்து ஓடிப்போய்ப் பார்த்தேன். "நிஜம்தான். முன்னாடிதான் நிக்கிறேன்."

பிறகு சொன்னார். அவருக்கு நாலு வயசில் அம்மா செத்துப் போயிருக்கிறாள். தையல்காரி. சித்தி வளர்த்து ஊர் விட்டு ஊர் கொண்டுபோயிருக்கிறாள். அம்மாவின் முழுப் பெயர்கூட அவருக்குத் தெரியாது, வீட்டில் கூப்பிடுகிற பெயர்தான் தெரியும். பதிவேட்டில் இருப்பதோ வேறு பெயர். நினைவில் இருந்தது ஒன்றே ஒன்றுதான் — கல்லின் மேல் ஏறி உட்கார்ந்து கத்தரிக்கோலைப் பிடித்து இழுத்ததும், கைப்பிடி உடைந்து கையோடு வந்ததும், யாரோ அடித்ததும்.

"எத்தனையோ வருஷமா என்னென்னமோ தேடியிருக்கேங்க. நேத்து சும்மா 'கல்லறையில் கத்தரிக்கோல்'னு அடிச்சேன்."

அக்கா என் கையிலிருந்து போனை வாங்கி, எழுதிக் கொடுக்க வேண்டிய விண்ணப்பத்தை ஒவ்வொரு வரியாக அவருக்குச் சொன்னார். குரல் ஆடவே இல்லை. நான்தான் கத்தரிக்கோல் கல்லின் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டேன்.

மே 19, திங்கள்

எழுதிக் கொடுத்தவர்கள் நானூற்று ஆறு. மெயிலில் மட்டும் இருநூறுக்கு மேல்.

மே 28, புதன்

கண்காணிப்பாளர் இடுகாட்டுக்கே வந்தார். சாலை அளக்க வந்ததாகச் சொன்னார், கையில் அளக்கிற நாடா இல்லை. வரிசைகளுக்கு நடுவே அங்குமிங்கும் நடந்துவிட்டுக் கேட்டார்:

"எனக்கு ஆறாம் வகுப்புல கணக்கு எடுத்தவர்... இங்கதான்னு சொல்லுவாங்க."

அக்கா எண் சொன்னார். போய் நின்றார். 'இவர் அடித்த அடி எல்லாம் எங்களுக்கு உதவியது. — மாணவர்கள்' என்று எழுதியிருக்கிற கல். வாய்விட்டுச் சிரித்தார் மனுஷன். அவர் சிரித்து நான் பார்த்ததே இல்லை.

போகும்போது, "மெயில்களுக்குப் பதில் நானே போட்டுக்கறேன். நீங்க இதைப் பாருங்க," என்றார்.

ஜூன் 10, செவ்வாய்

லீவு தீர்ந்தது. ஆபீஸ் திரும்பிவிட்டேன். இன்னும் அறுநூற்றுப் பன்னிரண்டு கல் பாக்கி. காலை ஆறிலிருந்து ஒன்பதுவரை போனால் இருபது முடியும். போதாது. போதவே போதாது.

தொண்டை வலி. காய்ச்சல் வரும்போல இருக்கிறது. வரட்டும், முப்பதாம் தேதிக்கு மேல் வரட்டும்.

ஜூன் 15, ஞாயிறு

கஷாயம் குடித்துவிட்டுக் கிளம்பினால் இவர் முன்னாலேயே கிளம்பி நிற்கிறார். "இன்னைக்கு டூட்டி இல்லையா?" என்றேன். "இருக்கு," என்றார். அதற்கு மேல் பேச மாட்டார்.

இடுகாட்டு வாசலில் ஒரு பஸ் நிற்கிறது. பணிமனையிலிருந்து ஓட்டுநர்களும் நடத்துநர்களும் இருபத்தெட்டுப் பேர், ஆளுக்கொரு பிரஷ். இவர் ஒரு வாரமாக ஒவ்வொருவரிடமும் பேசி, வார ஓய்வை மாற்றி வாங்க வைத்திருக்கிறார். என்னிடம் மூச்சு விடவில்லை.

அக்கா இருவர் இருவராகப் பிரித்து வரிசை ஒதுக்கினார். நடத்துநர் படிக்க வேண்டும், ஓட்டுநர் கழுவ வேண்டும். "டிக்கெட் கிழிக்கிற மாதிரி வேகமாப் படிக்காதீங்க. ஒரு எழுத்து விடக் கூடாது." ஒரு தடித்த மீசைக்காரர் ஏதோ கல்லைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் திரும்பி நின்றார்.

நானூற்று எண்பது முடிந்தது.

ஜூன் 22, ஞாயிறு

கடைசிக் கல். எண் 3,140. பெயர் இல்லாதது. எழுத என்ன இருக்கிறது என்று சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். பிறகு எழுதினேன்: 'கல் இடப்பக்கம் சாய்ந்திருக்கிறது. மேல்முனையில் மஞ்சள் பாசி. எண்ணை வெட்டிய கை பழகாத கை. நான்கு திரும்பி விழுந்திருக்கிறது. கல்தச்சனுக்குக் கொடுக்காமல் வீட்டில் யாரோ தாமே வெட்டியதாக இருக்கலாம்.'

அனுப்பினேன்.

ஜூன் 30, திங்கள்

ஐந்து மணிக்குக் கவுன்டரை மூடினோம். கண்காணிப்பாளர் ஐந்தே காலுக்கு ஒரு தடவை திறந்து, மூச்சிரைக்க ஓடி வந்த ஓர் அம்மாளின் விண்ணப்பத்தை வாங்கி, ஐந்து மணி முத்திரையைக் குத்தினார். நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டேன்.

தேடுபொறியில் சேர்ந்த பக்கங்கள் 2,871.
எழுதிக் கொடுத்தவர்கள் 1,684.

நாற்பத்தொன்று எங்கே, இது எங்கே என்று எல்லோரும் கைகொடுத்தார்கள். எனக்குக் கழித்தலில்தான் மனசு போகிறது. ஆயிரத்து நானூற்று ஐம்பத்தாறு பேர் பொதுக் குழிக்கு. அத்தனை பேருடைய கல்லையும் கழுவியிருக்கேன். அத்தனை பேருக்கும் எழுதியிருக்கேன். எப்படி விடறது?

ஜூலை 4, வெள்ளி

இடுகாட்டை மாற்றுவது பற்றி நகராட்சிக் கமிட்டிக் கூட்டம். பதிவேட்டைக் காட்ட என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். பேசக் கூப்பிடவில்லை.

சாலைப் பொறியாளர் ஆணையைப் படித்தார். 'உரிமை கோரப்படாத, அடையாளம் காண இயலாத எச்சங்கள் பொதுக் குழியில் இடப்படும்.'

கை தானாக உயர்ந்துவிட்டது.

"சார், அதுல ரெண்டு வார்த்தை இருக்கு. கோரப்படாததுன்னா சரி, ஒத்துக்கறேன். அடையாளம் காண இயலாதது எது?"

"யாரும் வரலைன்னா அதுதானேம்மா அர்த்தம்?"

"இல்ல சார். நம்ம தளத்துல ஒவ்வொண்ணுக்கும் ஒரு பக்கம் இருக்கு. போட்டோ இருக்கு. கல்லுல என்ன எழுதியிருக்கு, எழுத்தில்லைன்னா எந்தப் பக்கம் சாய்ஞ்சிருக்கு, எல்லாம் இருக்கு. எந்த நம்பர் வேணா சொல்லுங்க."

பொறியாளர் ஏதோ வாய்க்கு வந்த எண்ணைச் சொன்னார். இரண்டாயிரத்து நூற்று ஒன்பது. தட்டினேன். பெரிய திரையில் வந்தது. தபால்காரர். 'மழையில் ஒரு கடிதமும் நனைய விடாதவர்.'

இன்னொரு எண் கேட்டார். வந்தது. மூன்றாவது எண்ணை அவர் கேட்கவில்லை.

"இதுல யாரை சார் அடையாளம் தெரியாதுன்னு எழுதுவீங்க? நாளைக்கு யாராவது தேடி இந்தப் பக்கத்துக்கு வந்து எங்கன்னு கேட்டா, குழியைக் காட்டறதா?"

அப்போது கண்காணிப்பாளர் எழுந்தார். கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டு, கவுன்டரில் பேசுகிற அதே வறட்டுக் குரலில், "ஆணையில் 'அல்லது' என்று இல்லை. ரெண்டும் சேர்ந்திருந்தால்தான் பொருந்தும். சட்ட ஆலோசகருக்கு அனுப்பிவிட்டு முடிவெடுப்பது நல்லது," என்று சொல்லி உட்கார்ந்தார்.

வெளியே வந்ததும் என்னிடம், "தபால்காரர் நல்லா வந்தார்," என்றார். அவ்வளவுதான்.

ஜூலை 17, வியாழன்

வந்துவிட்டது. புது ஆணை. பொதுக் குழி இல்லை. எல்லாம் தனித்தனியாக, எண்ணோடும் கல்லோடும். முத்திரையைத் தடவிப் பார்த்தேன்.

ஆகஸ்ட் 18, திங்கள்

இன்று மாற்ற ஆரம்பித்தார்கள். கோரியவர், கோராதவர் என்று பிரிக்கவில்லை, வரிசைப்படிதான். தோட்டக்காரரும் அவருடைய நான்கு ஆட்களும் ஒவ்வொன்றாக எடுத்துப் பெட்டியில் வைக்க, அக்கா எண்ணை வாசிக்க, நான் சரிபார்த்துச் சீட்டு ஒட்டினேன். ஆற்றுக்கு அப்பால் மண் நல்ல மண். கோடு போட்டு அளந்து வைத்திருக்கிறார்கள்.

சாயங்காலம்வரை இருபத்தாறு. அதில் பதினொன்று யாரும் கேட்டு வராதவை.

ஆபீஸுக்கு வந்து இருபத்தாறு பக்கத்திலும் 'இருப்பிடம்' என்ற வரியை மாற்றினேன். பக்கத்தை மாற்றினால் மறுபடி அனுப்ப வேண்டும். இல்லாவிட்டால் தேடி வருகிறவர் பழைய இடத்துக்குப் போய், ஓடுகிற சாலையோரத்தில் நிற்பார்.

அனுப்பினேன். இன்னும் மூவாயிரத்து நூற்றுப் பதினான்கு.